சகலையின் பெயரில் ஒரு வண்டி

மூங்கில்துறைப்பட்டு தனசேகரனுக்கு வயது நாற்பத்து நான்கு. ஒன்றரை ஏக்கர் கரும்பு, அரை ஏக்கர் கத்தரி. சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது. அவனுக்கு இருந்த ஒரே கோளாறு அவன் சகலை தீனதயாளன். தனசேகரனின் மனைவி ஆண்டாளின் தங்கை செந்தமிழ்ச்செல்வியைக் கட்டியவன், தனசேகரனைவிட எட்டு வயது சின்னவன். கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு தனியார் பள்ளிக்கு வேன் ஓட்டுகிறான்.

எலவனாசூர்கோட்டை மாமனார் வீட்டுக்கு முதலில் மருமகனாகப் போனவன் தனசேகரன்தான். ஏழெட்டு வருஷம் அங்கே அவன் வைத்ததுதான் சட்டம். கோழி அடித்தால் ஈரல் அவன் இலைக்குத்தான் வரும். தீனதயாளன் வந்த பிறகு ஈரல் இடம் மாறிவிட்டது. மோட்டார் கொட்டகைக்குப் பூட்டு வாங்குவதென்றாலும் மாமனார் வீரமுத்து, "சின்ன மாப்ள இன்னா சொல்றாரு?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவார். அந்த வாயில் தன் பெயர் மறுபடி ஒரு தடவையாவது முதலில் வராதா என்று தனசேகரன் ஏங்கினான். இதை யாரிடம் போய்ச் சொல்வது? வயிறு எரிந்துகொண்டே இருந்தது.

போன பொங்கலுக்குத் தீனதயாளன் புது பைக் எடுத்தான். எடுத்தவன் பழைய வண்டியை விற்றுத் தொலைத்திருக்கலாம். எல்லார் எதிரிலும் சாவியைக் கொண்டுவந்து தனசேகரன் கையில் வைத்தான்.

"நீங்க ஓட்டுங்கண்ணே. காய் ஏத்திக்கினு போக ஒத்தாசையா இருக்கும்."

தனசேகரனின் வண்டி என்ஜின் போய் இரண்டு மாதமாகப் படுத்திருந்தது. வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. பேரை மாற்றிக்கொள்ளலாம் என்று தீனதயாளன் சொன்னதும் மாமனார் குறுக்கே வந்தார். "வூட்டு வண்டிக்கு எவனாவது பேர் மாத்துவானா? நீங்க ரெண்டு பேரும் இன்னா வெளியாளா?"

தனசேகரனும் தலையாட்டினான். அவன் காரணம் வேறு. சின்னவன் கழித்துப் போட்டது தன்னிடம் வந்தது என்று அரசாங்கக் காகிதத்தில் வேறு ஏற வேண்டுமா?

வெள்ளிக்கிழமைதோறும் கத்தரிக்காய் மூட்டையோடு கள்ளக்குறிச்சி மண்டிக்குப் போவான். அங்கே நாலுமுனை சிக்னலில் பைக்காரர்கள் நிற்கிற அழகே தனி. வெள்ளைக் கோடு பஸ்ஸுக்கும் லாரிக்கும் போட்டது என்பது அவர்கள் எண்ணம். கிடைத்த சந்தில் நுழைந்து, கோட்டைத் தாண்டி, காலால் உந்தி உந்தி நடுரோட்டுக்கே வந்துவிடுவார்கள். எதிர்ப்பக்கம் பச்சை அணைந்தால் போதும், தங்களுக்குப் பச்சை விழுந்த மாதிரிதான். தனசேகரனும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். ஒரு வெள்ளிக்கிழமை அப்படித்தான் சிகப்பிலேயே கிளம்பிப் போய்விட்டான். மறுநாள் தீனதயாளன் போன் செய்தான்.

"அண்ணே, நேத்து சிக்னல்ல தாண்டிட்டீங்களா? எனக்கு மெசேஜ் வந்திச்சி. பரவால்ல, நான் கட்டிட்டேன். பாத்துப் போங்க."

அந்தப் 'பரவால்ல' தனசேகரனுக்கு ஆறவே இல்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பான். பெரிய மனுஷன் மாதிரி மன்னிக்கிறானே, இவன் யார்?

அடுத்த வெள்ளிக்கிழமை சிகப்பு விழுந்தது. தனசேகரன் இடமும் வலமும் பார்த்தான். வண்டி ஏதும் வரவில்லை. நிற்கிறவர்களை விலக்கிக்கொண்டு, அவசரமே இல்லாமல் சிக்னலைக் கடந்தான். கடக்கும்போது ஹெல்மெட் கண்ணாடியை மேலே தள்ளி, கம்பத்துக் கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தான். கட்டுடா, இதையும் கட்டு. அதற்கடுத்த இரண்டு வெள்ளிக்கிழமையும் இதேதான்.

"வெள்ளிக்கெழம ஆனா இன்னா மூஞ்சில இம்மாம் வெளிச்சம்?" என்று ஆண்டாளே கேட்டாள்.

தீனதயாளன் அப்புறம் போன் செய்யவே இல்லை. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

போன் வரவில்லை, நோட்டீஸ் வந்தது. தனசேகரனுக்கு அல்ல, தீனதயாளனுக்கு. திரும்பத் திரும்பச் சிகப்பைத் தாண்டியதற்கு லைசென்சை மூன்று மாதம் ஏன் நிறுத்தி வைக்கக் கூடாது, செவ்வாய்க்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நேரில் வந்து சொல் என்று. லைசென்ஸ் இல்லாவிட்டால் வேன் சாவி வேறு ஆளுக்குப் போய்விடும் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் இதே பேச்சு. எந்த வண்டி என்று யாரும் கேட்கவில்லை. தீனதயாளனும் சொல்லவில்லை.

மாமனார் பொரிந்து தள்ளினார். "புது வண்டி வந்ததும் சின்னவருக்குத் தலைகால் புரியல. பெரிய மாப்ளயப் பாரு. இத்தினி வருஷமா ஓட்டறாரு, ஒரு பேச்சு வந்திருக்குமா?"

அன்றைக்கு ஈரல் தனசேகரன் இலைக்கு வந்தது. தின்றான். ருசியாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

"செவ்வாக்கெழம நீங்களே கூட்டினு போயிட்டு வாங்க மாப்ள. நீங்கன்னா பொறுப்பா பேசுவீங்க," என்றார் மாமனார்.

செவ்வாய்க்கிழமை அதே பழைய வண்டியில் தீனதயாளனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தான். நாலுமுனையில் சிகப்பு. அன்றைக்குப் பார்த்து ஒழுங்காக நிறுத்தினான்.

"கொஞ்சம் பின்னால தள்ளுங்கண்ணே. முன் சக்கரம் கோட்டு மேல நிக்குது," என்றான் தீனதயாளன்.

இருவரும் காலால் உந்தி வண்டியைப் பின்னால் தள்ளினார்கள். தீனதயாளன் காதருகே குனிந்தான்.

"மெசேஜ் கூட போட்டோவும் வருதுண்ணே. மொத தடவ முதுகுதான் தெரிஞ்சிது. மத்த மூணுலயும் மொகம். நல்லா சிரிச்சினு இருந்தீங்க."

தனசேகரனுக்குக் காது இரண்டும் கொதித்தன.

"யாருக்குக் காட்டின?"

"யாருக்கும் காட்டல. அண்ணி பாத்தா சங்கடப்படுவாங்க."

"ஆபீசுல இன்னா சொல்லப் போற?"

"வண்டி என் பேர்ல தான இருக்குது. நான்தான்னு சொல்லிடறேன். போட்டோவ உத்துப் பாக்கவா போறாங்க."

"வேன் வேல?"

தீனதயாளன் கையை நீட்டி சிக்னலைக் காட்டினான். "பச்ச வுழுந்துடுச்சி, போங்கண்ணே," என்றான்.

தனசேகரனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அதற்கும் முன்னால் வந்து நின்றது பழைய எரிச்சல்தான். வேலை போகிறபோதும் இவன்தான் நல்லவனா? என்றைக்காவது ஒருநாள் விஷயம் வெளியே வரும். அப்போது மாமனார் இவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார். நான் ஈரல் தின்றவன், இவன் விட்டுக்கொடுத்தவன். அதைக் காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா?

ஆபீஸ் வாசலில் வண்டியை ஸ்டாண்ட் போட்டதும், தீனதயாளன் சட்டையைச் சரிசெய்வதற்குள் தனசேகரன் விறுவிறுவென்று படியேறிவிட்டான். பின்னாலேயே ஓடிவந்த தீனதயாளன் வாய் திறப்பதற்குள் மேஜைக்கு முன்னால் போய் நின்றான்.

"போட்டோவுல சிரிச்சினு இருக்கிறது நான்தான் சார்."

நல்லவன் என்ற பெயரையாவது அவனுக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.