இரண்டு புள்ளி

சிவகௌரியைப் பற்றி லண்டன் வெம்பிளியில் எல்லோருக்கும் தெரிந்த எண் இரண்டு. 1976இல் யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பரீட்சை எழுதி, இரண்டே புள்ளியால் மருத்துவக் கல்லூரியைத் தவறவிட்டவள். தமிழ் மாணவரிடம் கூடுதல் புள்ளி கேட்ட அரசின் தரப்படுத்தல் விழுங்கிய பிள்ளைகளில் ஒருத்தி. ஈலிங் ரோட்டில் முருங்கைக்காய் வாங்கப் போனாலும் யாராவது அந்த இரண்டு புள்ளிக்காக உச்சுக் கொட்டுவார்கள்.

எண் சரி. ஆள்தான் வேறு. அந்த இரண்டு புள்ளி, பள்ளியில் அவளோடு ஒரே வாங்கில் இருந்த கலாவதியுடையது. சிவகௌரி இரசாயனவியலில் பெயில். ரியூசன் மாஸ்டர் இரண்டு வருடமாக "விளங்குதோ?" என்று கேட்டபோதெல்லாம் தலையாட்டினாள். ஒன்றும் விளங்கியிருக்கவில்லை. பரீட்சை மண்டபத்தில் மூன்று மணி நேரமும் பெயரையும் சுட்டெண்ணையும் திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

பொய் பிறந்தது 1984இல், லண்டனில், கலியாணமான முதல் வாரத்தில். கணவர் பாலேந்திரா சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "நல்லாப் படிச்சனீராமே, ஏன் கம்பஸுக்குப் போகேல்லை?"

"ரெண்டு புள்ளியால போச்சு. தரப்படுத்தல்."

பாலேந்திரா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்து அரை மணி நேரம் அரசாங்கத்தைத் திட்டினார். அவளுக்காக யாரும் அதற்குமுன் அப்படிக் கோபப்பட்டதில்லை. அதை நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை. அடுத்த கிழமையே நண்பர்களுக்குச் சொன்னார். பிறகு அது ஊர்க்கதையாகிவிட்டது.

1989இல் அவளுக்கு முப்பத்திரண்டு வயது. வடலண்டன் மருத்துவமனை ஒன்றில் தாதி உதவியாளர். நோயாளிகளைத் துடைத்து, திருப்பிப் படுக்கவைத்து, வெப்பநிலை குறிக்கும் வேலை. ஒருநாள் ஒரு கிழவரின் மூச்சு மாறியதை எல்லோருக்கும் முதலில் கவனித்து ஆளைக் கூப்பிட்டாள். வந்தவர் டொக்டர் ரமா, திருச்சிக்காரர்.

"நீங்க ஏன் மெடிசின் படிக்கல?" என்று அன்று ஷிப்ட் முடிந்தபோது கேட்டார்.

அவளைக் கூட்டிப்போக வந்திருந்த பாலேந்திராவே பதில் சொன்னார்: "ரெண்டு புள்ளி, டொக்டர்."

ரமா கதை முழுவதையும் கேட்டார். "இங்க சில காலேஜ்ல முப்பதுக்கு மேலயும் எடுக்கிறாங்க. நான் ரெபரன்ஸ் தர்றேன். டிசம்பர் பதினஞ்சு கடைசி தேதி. சர்ட்டிபிகேட் இருக்கில்ல?"

"வீட்டோட எரிஞ்சு போச்சு, டொக்டர். எண்பத்தேழில ஷெல் விழுந்தது" என்றாள் சிவகௌரி. உயர்தரப் பரீட்சையின் பெறுபேற்றுத் தாள் அவளுடைய சூட்கேசின் அடித்துணிக்குக் கீழே பத்திரமாக இருந்தது.

பாலேந்திராவுக்குத் தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை. அரைகுறை விலாசத்தோடு வரும் கடிதத்தையும் உரியவரிடம் சேர்த்துவிடும் மனிதர். சர்ட்டிபிகேட் எரிந்தால் என்ன, கூடப் படித்தவர்கள் இருப்பார்கள்தானே என்று தேடத் தொடங்கினார். பத்தே நாளில் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற இடத்தில் ஒருத்தியைக் கண்டுபிடித்தார். அவள் இலங்கையைவிட்டு வந்து ஏழு வாரம்தான். மகளின் நாலாவது பிறந்தநாளுக்கு அவளையும் அழைத்தார், மனைவிக்குச் சொல்லாமல்.

நவம்பர் 25, சனிக்கிழமை. வாடகை மண்டபத்தில் கேக் வெட்டியாகிவிட்டது. மட்டன் ரோல்ஸ் சுற்றி வந்தது. யாரோ கொடுத்த பெரிய கோட்டோடு கலாவதி வாசலில் நின்றாள். சிவகௌரி ரோல்ஸ் தட்டை மேசையில் வைத்தாள்.

பாலேந்திரா கலாவதியை விருந்துக்கு வந்திருந்த ரமாவின் மேசைக்கே கூட்டிப் போனார். "டொக்டர், இவ கௌரியோட ஒரே வாங்கில இருந்தவ. தங்கச்சி, நீரே சொல்லும். கௌரிக்கு எத்தினை புள்ளியால போனது?"

கலாவதி சிவகௌரியைப் பார்த்தாள். ரோல்ஸை இரண்டாகப் பிய்த்தாள்.

"ரெண்டு" என்றாள்.

"அப்போ அதை ஒரு லெட்டரா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. என் ரெபரன்ஸோட வச்சிடறேன்" என்றார் ரமா.

"ஓம், எழுதித் தாறன்."

சிவகௌரி கலாவதியின் கையைப் பிடித்து மண்டபத்துச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். கதவைச் சாத்தினாள். கலாவதிதான் பேசினாள்.

"பார்க்கிங் கடையில சொன்னவை, வெம்பிளியில ஒரு பிள்ளை இருக்காம், பாவமாம், ரெண்டு புள்ளியாலயாம். நானும் பாவமெண்டு சொன்னனான்." சிரித்தாள். "பரவாயில்லையடி. நான் இப்ப ஆக்களின்ர சட்டை தைச்சுக் குடுக்கிறன். எனக்கு அந்த ரெண்டும் இஞ்ச ஒண்டுக்கும் உதவாது. உனக்கு உதவினா வைச்சிரு."

"கையெழுத்து..."

"என்ர அகதிக் கேஸ் ஹோம் ஒபிசில கிடக்கு. பொய்க் கடிதமெண்டு பிடிபட்டா என்னைத்தான் முதல் பிளேனில ஏத்துவாங்கள். எண்டாலும் போடுறன். ஆனா உன்ர மனிசன் கேட்டெல்லாம் போடமாட்டன். நீ கேள்."

சிவகௌரி தண்ணீர்க் குழாயைத் திறந்து கழுவியிருந்த தட்டையே மறுபடி கழுவினாள். கேட்க முடியவில்லை. ஈரக் கையோடு மேசைக்குத் திரும்பி வந்தாள்.

"கடிதம் வேண்டாம், டொக்டர். ரெண்டு புள்ளியால போனது கலாவதிக்கு. நான் கெமிஸ்ட்ரியில பெயில்."

பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் சாப்பிடுவதை நிறுத்தியது. பாலேந்திரா ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"அப்போ சர்ட்டிபிகேட்?" என்றார் ரமா.

"சூட்கேசில இருக்கு."

ரமா அவளுக்காகக் கொண்டுவந்திருந்த விண்ணப்பப் படிவத்தை மடித்துக் கைப்பையில் வைத்தார். குரலில் பழைய நெருக்கம் இல்லை. "இந்த வருஷம் அப்ளை பண்ணாதீங்க. கெமிஸ்ட்ரியை அடியிலிருந்து படிங்க. மூணு வருஷமாவது ஆகும். அப்புறமும் இடம் கிடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன்." திங்கட்கிழமையிலிருந்து வார்டில் வேலைக்கு வேண்டியதை மட்டுமே பேசினார்.

வீடு திரும்பும்போது மீதிக் கேக் சிவகௌரியின் மடியில் இருந்தது. சிவப்பு விளக்கில் கார் நின்றது.

"நான் எத்தினை பேருக்குச் சொல்லிப்போட்டன் தெரியுமே?"

"ஓம்."

"இனிக் கேக்கிற ஆக்களுக்கு என்னத்தைச் சொல்லுறது?"

"பெயிலெண்டு சொல்லுங்கோ."

"என்ர வாயால ஏலாது. நீரே சொல்லும்."

சொன்னாள். காய்கறிக் கடையில், கோயிலில், பிள்ளையின் பள்ளி வாசலில். சிலர் காதில் விழாததுபோல விலை கேட்டார்கள். சிலர் அதற்குப் பிறகு வீதியின் மறுபக்கத்தால் போனார்கள். மெற்றில்டா என்ற பெண் மட்டும் நேரே கேட்டாள்: "அப்ப தரப்படுத்தல் எண்டதும் பொய்யோ?"

சிவகௌரிக்கு முகம் எரிந்தது. தன் பொய் தன்னோடு நிற்கும் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"அது உண்மை, அக்கா. கலாவதிக்கு நடந்தது. நான்தான் பொய்."

அடுத்த கோடையில் மாலை நேரக் கல்லூரி ஒன்றுக்குப் போனாள். பழைய பெறுபேற்றைக் காட்டச் சொன்னார்கள். அடித்துணிக்குக் கீழே இருந்த தாளைப் பதினான்கு வருடத்தின்பின் வெளியே எடுத்துக் கொடுத்தாள். மொழிபெயர்ப்பு வேண்டுமென்றார்கள். 'பெயில்' என்று அவளே ஆங்கிலத்தில் சொன்னாள். ஒரு சிறு பரீட்சை வைத்தார்கள். ஏ லெவல் என்ற உயர்தர வகுப்புக்குப் போதாது, அதற்கு முந்திய படியில், பதினாறு வயதுப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும் என்றார்கள். மெடிசினை நினைத்தால் இதைவிட்டால் வேறு வழியில்லை என்றும் சொன்னார்கள். அவள் பெயரைப் பதிந்தாள்.

பாலேந்திரா மாலையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தன் ஷிப்டைக் காலைக்கு மாற்றிக்கொண்டார்.

முதல் வகுப்பு 1990 செப்டம்பர் 18, செவ்வாய்க்கிழமை, மாலை ஆறரைக்கு.