வெள்ளைக் கதவில் சிவப்புத் தூசி

படைப்பன்று காலையில்தான் அப்பாவுக்குத் தன் பழைய ஸ்கூட்டருக்குச் சிவப்பு வண்ணம் அடிக்கத் தோன்றியது. முன்னோரைக் கும்பிடப் பங்காளிகள் கூடும் நாள்; வண்டி வெளுத்து நிற்கக் கூடாது என்று நினைத்திருப்பார். பின்வாசலை ஒட்டிய வெளியில், சுவர் முழுக்கச் செய்தித்தாள் ஒட்டிவிட்டு ஸ்ப்ரே டப்பாவால் அடித்தார். சுவரில் ஒரு பொட்டும் விழவில்லை. பக்கத்தில் நின்ற பெரியப்பாவின் வெள்ளைக் காரை மூட மறந்துவிட்டார்.

பொதுக் கூரையைச் செப்பனிடும் பேச்சில் மூண்ட சண்டையிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. பல வருடம் வராதிருந்த பெரியப்பா முதல்நாள்தான் வந்தார். அம்மாவிடம் மட்டும் பேசினார். காலையில் வேறொரு பங்காளியின் வண்டியில் கோவிலூர் கோயிலுக்குப் போயிருந்தார்.

காற்று கொண்டுபோன சிவப்பு, காரின் இரண்டு கதவுகளிலும் பொடியாகக் காய்ந்திருந்தது.

“பாத்தாகன்னா படைப்புக்கு நிக்காமக் கிளம்பிருவாக. இன்னைக்குத்தான் பெயிண்ட் அடிக்கணுமாக்கும்!” என்றார் அம்மா.

“நீ முன்வாசல்ல நில்லு. வந்தாகன்னா காப்பியக் குடுத்து உக்கார வையி.”

காரில் ஒட்டிய பொடியை உருவியெடுக்கக் கடையில் விற்கும் களிமண் கட்டியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து அப்பா மெல்லத் தேய்த்தார். அழுத்தினால் கோடு விழும். ஒன்பது வயதுக்காரியான என் வேலை, கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு தடவிப் பார்ப்பது. வெறும் விரலுக்குத் தப்பும் சொரசொரப்பு பைக்குள் தெரிந்துவிடும். முன்கதவு வழவழப்பானது. பின்கதவு பாதியில் நின்றது.

எங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். காவல் முன்தெருவில் இருந்தது. பெரியப்பா பின்தெருவில் இறங்கி உள்ளே வந்தார்.

அப்பாவின் கையிலிருந்த களிமண் தரையில் விழுந்தது. பதற்றத்தில் அதையே எடுத்துக் கதவில் வைக்கப் போனார்.

“கீழ விழுந்தத வச்சுத் தேய்க்காதப்பா. மணல் கீறிரும்” என்றார் பெரியப்பா.

அப்பா கையை இழுத்துக்கொண்டார். பெரியப்பா கதவைப் பார்த்தார், பிறகு ஸ்கூட்டரை.

“ஸ்கூட்டருக்கு அடிச்சியா, என் காருக்கு அடிச்சியா?”

“காத்து அங்குட்டுத் திரும்பிருச்சுண்ணே.”

பெரியப்பா சாவியை எடுத்துக் காரைத் திறந்தார். கிளம்பிவிட்டார் என்றே நினைத்தேன். அவர் சட்டையைக் கழற்றி இருக்கையில் போட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டினார்.

“மிச்சம் இருக்கா?”

டப்பாவில் இருந்த களிமண்ணை அப்பா இரண்டாகப் பிய்த்தார்.

பக்கத்தில் பக்கத்தில் குந்தித் தேய்த்தார்கள். கூரையைப் பற்றி ஒரு சொல் இல்லை. பின்கதவும் முடிந்துவிட்டது என்று இரண்டு தடவை சொன்னேன். பெரியப்பா சிவப்பே படாத இடத்துக்கு நகர்ந்து தேய்த்தார். அப்பாவும் நகர்ந்தார். உள்ளே ஓடி அம்மாவிடம் புகார் சொன்னேன்.

“தேய்க்கட்டும், விடு. நீ அங்குட்டுப் போகாத.”

வயதானால் விரலுக்கு உணர்ச்சி மங்கிவிடும் போலிருக்கிறது என்று முடிவுசெய்துகொண்டேன்.