நாலாவதாக மட்டை பிடித்த மகேஸ் அக்கா

மகேஸ் அக்கா இன்று காலை போய்விட்டார்.

அவருடைய மகள் இங்கிலீஷில் ஒரே ஒரு வரி மெசேஜ் போட்டிருந்தாள். சிட்னியில் வேலைக்குப் போகிற ரயிலில் வாசித்தேன். பரமட்டாவில் இறங்க வேண்டியவள்... இறங்காமல் அப்படியே இருந்துவிட்டேன்.

இங்கே பலருக்கு அவரைத் தெரியாது. மலேசியத் தமிழர். வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் நேர்ஸ். எங்கள் பெண்கள் பேஸ்போல் அணியில் நாலாவதாக அடிக்க இறங்குபவர். பந்தைத் தூரத்துக்கு அடிக்கிற ஆளைத்தான் அந்த இடத்தில் போடுவார்கள்.

நாலு வருடத்துக்கு முதல் லீக்கில் புதிதாக ஓர் அணிக்கு இடம் கிடைத்தது. அதுதான் நாங்கள். பாதிப் பேருக்கு ரூல்ஸே தெரியாது. யாழ்ப்பாணத்தில், பேஸ்போல் மாதிரியே மட்டையால் அடித்து ஓடுகிற எல்லே விளையாடியவள் என்ற ஒரே காரணத்துக்காக என்னைக் கப்டன் ஆக்கினார்கள்!

முதல் பிராக்டிஸுக்கே அக்கா வந்தார். நாற்பத்தாறு வயது. இரண்டு முழங்காலிலும் பட்டி. இருபது வருடம் வேறொரு கிளப்பில் அடித்தவர். வயது போய்விட்டது என்று அங்கே உட்கார வைத்துவிட்டார்களாம்.

"ஓடுவீங்களோ அக்கா?" என்று கேட்டேன்.

"ஓட முடியாதும்மா. வேலிக்கு வெளிய அடிச்சிட்டா நடந்தே வரலாம் லா."

அந்த சீசனில் ஒரேயொரு மேட்ச்தான் வென்றோம். கடைசி நேரத்தில் அக்கா அடித்த பந்து வேலியைத் தாண்டி கார் பார்க்கில் போய் விழுந்தது. அவர் நடந்துதான் வந்தார். பாதி வழியில் நின்று முழங்காலைத் தடவிக்கொண்டு, பிறகும் நடந்தார். நாங்கள் எல்லாரும் அழுதோம்.

"ஏன் அழுவுறீங்க? ஒண்ணுதான ஜெயிச்சோம்!"

அடுத்த இரண்டு வருடமும் எங்களைத் தூக்கி நிறுத்தியது அவருடைய மட்டைதான்.

போன சீசன்... இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். முடியவில்லை.

அக்கா மட்டையை வீசியதெல்லாம் பந்தில் படாமல் காற்றில் போனது. தொடர்ந்து ஐந்து மேட்ச். அடுத்ததில் வென்றால் முதல் முறையாக செமி ஃபைனல்.

தனியாகக் கூப்பிட்டேன். "அக்கா, இந்த முறை நீங்கள் வெளியில இருங்கோ. நிரோ இறங்கட்டும்." நிரோ எங்கள் அணியில் ஆக இளையவள்.

"சரிம்மா. கேப்டன் நீதானே."

தன்னுடைய மட்டையையே நிரோவிடம் கொடுத்தார். முழு மேட்சும் வெளியே கதிரையில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தினார். வென்றோம். சரியான முடிவுதான் எடுத்தேன் என்று நினைத்து நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

இரண்டு கிழமை கழித்துத்தான் தெரிந்தது. தலைக்குள் கட்டி. பல நாட்களாகப் பந்து அவருக்கு இரண்டு இரண்டாகத் தெரிந்திருக்கிறது. யாரிடமும் மூச்சு விடவில்லை.

"எனக்கு ஏன் அக்கா சொல்லேல்லை?"

"சொன்னா பாவம் பாத்து என்னைய அடிக்க இறக்கி விட்டிருப்ப. பாவம் பாத்து இறக்குனா நான் எப்படி அடிக்கிறது?"

நான் அழத் தொடங்கினேன்.

"நீ செஞ்சது கரெக்ட்தான்," என்றார். "ஆனா அன்னைக்கு வலிச்சிச்சு லா."

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை போய்ப் பார்த்தேன். இருவருமே அந்தக் கதையை எடுக்கவில்லை.

கடைசியாகப் போனது இந்த ஞாயிறு. அவரால் பேச முடியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். உள்ளங்கைத் தோல் இன்னும் தடித்துத்தான் இருந்தது.

"போட்டு வாறன் அக்கா" என்று விடைபெற எழும்பினேன். அவர் கையை விடவில்லை.

பார்க்கிங் நேரம் முடிகிறது என்று... நான்தான் இழுத்து எடுத்தேன்.

மன்னியுங்கோ அக்கா.

போட்டு வாங்கோ.