கேன்டீன் அக்காவின் ஆறு நாக்குகள்

பஸ் டிப்போவுக்குப் பின்பக்கம், பஸ் கழுவுகிற இடத்தைத் தாண்டினால் தகரக் கூரை போட்ட ஒரு கட்டடம். அதுதான் கேன்டீன். அங்கே பத்தொன்பது வருஷமாகச் சமைக்கிறவளுக்கு ஒரு பெயர் இருந்தது, ஆனால் டிப்போவில் அது யாருக்கும் தேவைப்படவில்லை. மேனேஜரிலிருந்து டயருக்குக் காற்றடிக்கிறவர் வரை எல்லாருக்கும் அவள் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும் அக்காதான். தினமும் இருநூற்று இருபது பேருக்கு மதியச் சாப்பாடு. பதினொன்றரைக்குப் பரிமாறுகிற ஜன்னல் திறக்கும்.

அவளிடம் அளவுக் கரண்டி கிடையாது. கொதிக்கிறதில் ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் விடுவாள், நக்குவாள், கண்ணை மூடுவாள். கண்ணைத் திறக்கும்போது எதில் எவ்வளவு குறை என்று தெரிந்திருக்கும். "என் நாக்கு கோர்ட்டு மாதிரி. தீர்ப்பு சொன்னா சொன்னதுதான்" என்பாள். அடக்கம் கிடக்கமெல்லாம் அவளிடம் எதிர்பார்க்கக் கூடாது.

அப்படிப்பட்டவளுக்கு இடது மார்பில் கட்டி வந்தது. புற்றுநோய் என்றார்கள். ஆபரேஷன் முடிந்தது. அதற்குப் பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு முறை, மொத்தம் எட்டு முறை மருந்து ஏற்ற வேண்டும் என்றார் டாக்டரம்மா. ஒவ்வொரு முறையும் முதல் இரண்டு வாரம் வீட்டோடு இருக்க வேண்டும். மூன்றாவது வாரம் உடம்பு ஒத்துழைத்தால், மாஸ்க் போட்டுக்கொண்டு, கனம் தூக்காமல் வேலைக்குப் போய்வரலாம்.

"முடி போகும், அது தெரியும். வேற என்ன போகும்?" என்று கேட்டாள் அக்கா.

"வாய் ருசி மாறலாம். பெரும்பாலும் மருந்து முடிஞ்சு சில மாசத்துல திரும்பிடும். ஆனா ஆளுக்கு ஆள் மாறும்மா, தேதி சொல்ல முடியாது."

நோயின் பெயரைச் சொன்னபோது அழாதவள், ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டபோது அழாதவள், அங்கேதான் பொலபொலவென்று அழுதாள். டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் இருந்த கணவருக்குப் புரிந்தது. அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் நல்லா வரும்" என்றார்.

இந்தக் கணவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கடைத்தெருவில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். பாஸ்போர்ட் படம் எடுக்க வருகிறவர்கள் தங்கள் முகத்தைத் தாங்களே பார்த்துப் பயந்துபோகும்போது, "ரொம்ப நல்லா வந்திருக்கு" என்று சொல்லிச் சொல்லி அதே வாயாகிவிட்டது. வீட்டிலும் அதே பல்லவிதான். சோறு குழைந்தாலும் நல்லா இருக்கு, தீய்ந்தாலும் நல்லா இருக்கு. முப்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து இன்னொரு வார்த்தை வந்ததில்லை. சண்டை போடவே முடியாத மனுஷன். அக்காவுக்கு அதுவே ஒரு எரிச்சல்.

ஆபரேஷனுக்குப் பிறகு காலை டீ அவர் பொறுப்பானது. அதுவரை அடுப்பை எந்தப் பக்கம் திருகினால் எரியும் என்றுகூடத் தெரியாது அவருக்கு. மகள் கல்யாணமாகாமல் வீட்டோடு இருந்தாள். பதிவு அலுவலகத்தில் வேலை. மாத்திரை, ரத்தப் பரிசோதனை, ஆஸ்பத்திரித் தேதி எல்லாம் அவள் கணக்கில். அம்மாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு மருந்து சொட்டுகிற நாலு மணி நேரமும் உட்கார்ந்து, பதிவு அலுவலகத்துக்கு வருகிறவர்களின் கூத்தையெல்லாம் சொல்லிச் சிரிக்கவைப்பாள். ஆனால் அப்பாவின் டீயை நீட்டினால் மட்டும், "லேட்டாயிடுச்சுப்பா, ஆபீஸ்ல குடிச்சுக்கறேன்" என்று நழுவிவிடுவாள்.

டிப்போவும் சும்மா இருக்கவில்லை. ஆஸ்பத்திரி வழியாகப் போவது ஒன்பதாம் நம்பர் பஸ். அக்கா மருந்து ஏற்றிக்கொண்டு திரும்புகிற நாளில், வயிற்றைப் புரட்டும் என்று தெரிந்து, அதன் டிரைவர் ஒவ்வொரு வேகத்தடையிலும் தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துகிற பக்குவத்தோடு பஸ்ஸை இறக்குவார். பின்னால் இருந்து பயணிகள் கத்துவார்கள். "பிரேக்குல ஏதோ சத்தம் கேக்குது, அவசரம்னா இறங்கி நடங்க" என்பார் டிரைவர். அக்காவுக்குச் சிரிப்பு வரும், சிரித்தால் குமட்டும், ஆனாலும் சிரிப்பாள்.

முடி போனது பெரிய விஷயமாகவில்லை. எப்படியும் சமையல்கட்டில் தலைக்குக் குல்லா. "இனிமே சூப்புல முடி கிடந்தா என்கிட்ட வராதீங்க, சின்னக்காவைக் கேளுங்க" என்று ஜன்னல் வழியே சத்தமாக அறிவித்தாள். சின்னக்கா என்பவள் அவளுக்குக் கூடமாட வேலை செய்கிறவள், பன்னிரண்டு வருஷத்துத் தோழி, இடுப்பைத் தொடும் சடைக்காரி. "என் சடை மேல உனக்கு எப்பவுமே ஒரு கண்ணுக்கா" என்று அவளும் விடவில்லை.

நாக்கு போனதுதான் பெரிய விஷயம். இரண்டாவது மருந்துக்குப் பிறகு ஒருநாள் காலையில் சர்க்கரை இரும்பாக இருந்தது. பழம் இரும்பு. சோறு இரும்பு. கணவரின் டீயும் இரும்பு, ஆனால் சூடாக இருந்தது, குடித்தாள். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, நக்கி, கண்ணை மூடிப் பார்த்தாள். கோர்ட்டு பூட்டிக் கிடந்தது. கைப்பழக்கத்தில் சமைத்துவிடலாம் என்று தைரியம் சொல்லிக்கொண்டாள்.

மூன்றாவது சுற்றில் அந்தக் கூத்து நடந்தது. பெரிய அண்டாவில் பருப்பு சூப். சின்னக்கா உப்புப் போட்டுவிட்டுக் கிழங்கு நறுக்கப் போனாள். அது தெரியாமல் அக்காவும் போட்டாள். பழைய அக்கா என்றால் ஒரு சொட்டு நக்கியே கண்டுபிடித்திருப்பாள். இப்போது யார் கண்டது? ஜன்னல் திறந்தது, இருநூற்று இருபது பேரும் சாப்பிட்டார்கள். "பிரமாதம்க்கா!" என்றார்கள். "இப்படி ஒரு சூப் குடிச்சதே இல்லக்கா!" என்றார்கள். அது சத்தியமான வார்த்தை. அண்டாவில் ஒரு சொட்டு மிச்சமில்லை. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. கணவருக்கும் ஒரு தூக்கு நிரப்பி ஸ்டுடியோவுக்குக் கொடுத்தனுப்பினாள். "ரொம்ப நல்லா இருக்கு" என்று உடனே போன் வந்தது.

இரண்டு மணிக்குத் தண்ணீர் கேன் காலி. வழக்கமாக மூன்று கேன் சாயங்காலம் வரை வரும். அன்றைக்கு ஏழு. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். பஸ் கழுவுகிற குழாயடியில் ஒரு வரிசை நின்றது. ஒன்பதாம் நம்பர் டிரைவர் குழாயில் வாயையே வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். அவளுக்குச் சுருக்கென்றது.

நேரே பணிமனைக்குப் போனாள். ஒரு பஸ்ஸுக்கு அடியில் இரண்டு கால் நீட்டிக்கொண்டிருந்தன. தலைமை மெக்கானிக், ஊர் முழுக்க மீசை என்று கூப்பிடுகிற ஆள். அக்கா ஒரு காலைத் தட்டினாள்.

"மீசை, வெளிய வா. சூப்புல உப்பு எப்படி?"

மீசை வெளியே வந்து திருதிருவென்று விழித்தார். "கொஞ்சம்... தூக்கலா..."

"கொஞ்சம்னா?"

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. கடல்ல விழுந்தவன்கூட அவ்வளவு உப்பு குடிச்சிருக்க மாட்டான்."

வேறு நாளாக இருந்தால் அவளே விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அன்றைக்கு மனசு விட்டுப்போயிற்று. உப்பு கூடினதைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். பாவம், நோயாளி என்று இருநூற்று இருபது பேரும் பொய் சொல்லிக்கொண்டே விழுங்கினார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. இடுப்பில் செருகியிருந்த ஸ்டோர் ரூம் சாவியை எடுத்துச் சின்னக்காவிடம் நீட்டினாள். "ருசி தெரியாதவ கையில இது இருக்கக் கூடாது. இனிமே நீ பாத்துக்க."

"நான் வச்சுக்க மாட்டேன்" என்றாள் சின்னக்கா. சாவியை வாங்கி அடுப்புக்கு மேலே ஆணியில் மாட்டினாள். "ஸ்டோரைத் திறந்துட்டு இங்கயே மாட்டிடுவேன், இடுப்புல மட்டும் செருக மாட்டேன். தொங்கட்டும்."

வீட்டில் கணவரை உண்டு இல்லை என்று ஆக்கினாள். "ஊர்தான் பொய் சொல்லுது, நீங்களுமா? உப்புக்கரிச்சதை நல்லா இருக்குன்னு போன் பண்ணிச் சொல்றீங்களே, நான் என்ன செத்தா போயிட்டேன், நாலு நல்ல வார்த்தை சொல்ல?"

அவருக்கு நல்லா இல்லை என்று சொல்ல வரவில்லை. முயன்று பார்த்தார், 'நல்லா' வரைதான் வந்தது. "எனக்கு அது வரமாட்டேங்குதும்மா" என்றார் பரிதாபமாக.

மறுநாள் அக்கா வேலைக்குப் போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மத்தியானம் கணவர் வந்து கட்டிலில் ஒரு கவரைக் கொட்டினார். பதினெட்டுப் புகைப்படங்கள். டிப்போ ஆட்கள் ஆறு பேர், ஆளுக்கு மூன்று. எல்லாருக்கும் வாயில் கரண்டி.

"சின்னக்காவை மூணு சட்டியில சூப் வைக்கச் சொன்னேன். ஒண்ணுல உப்பு கம்மி, ஒண்ணுல சரி, ஒண்ணுல ஜாஸ்தி. யாருக்கும் எது எதுன்னு சொல்லல. முதல் வாய் உள்ள போன அந்த நொடியில எடுத்தேன். வாய்தான் அப்புறம் பொய் சொல்லும், மூஞ்சி சொல்லாது. முப்பது வருஷமா மூஞ்சி பாத்துத்தானே பொழைக்கிறேன். விடை பின்னாடி எழுதியிருக்கு. திருப்பாம சொல்லு."

வேண்டாவெறுப்பாக ஒன்றை எடுத்தாள். மீசையின் மூக்கு லேசாகச் சுருங்கியிருந்தது. "ஜாஸ்தி." அடுத்ததில் டிக்கெட் பிரிவு அம்மாவின் புருவம் ஏதோ தேடுகிற மாதிரி தூக்கியிருந்தது. "கம்மி." ஒன்பதாம் நம்பர் டிரைவர் இரண்டாவது வாய்க்குக் கையைக் கொண்டுபோகிறார். "இது சரி. அந்த ஆளு சரியா இருந்தா நிக்கவே மாட்டான்." எழுந்து உட்கார்ந்துவிட்டாள். பத்தொன்பது வருஷமாக ஜன்னலில் பார்த்த முகங்கள். படம் படமாகச் சொல்லித் தள்ளினாள். பதினெட்டில் பதினேழு சரி. தப்பிய ஒன்று மேனேஜருடையது.

"இவரு மூஞ்சி எப்பவும் ஒரே மாதிரிதான். இவரைத் தூக்கிட்டு வேற ஆளைப் போடச் சொல்லுங்க" என்றாள் அக்கா. அப்புறம் அந்த போட்டோக்களை அடுக்கி மடியில் வைத்துக்கொண்டு, கணவரின் தோளில் சாய்ந்து நன்றாக அழுதாள். அந்த மனுஷன் மேல் இவ்வளவு பிரியம் தனக்கு இருப்பது அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதிலிருந்து மூன்றாவது வாரம் வந்தால் போதும், காலை பதினோரு மணிக்கு ஆறு பேர் ஜன்னலில் வரிசையாக நிற்பார்கள். மேனேஜர் போய் வாட்ச்மேன் வந்தார். ஆறு நாக்கு என்று அவர்களுக்குப் பெயர். ஒரே ஒரு விதி, சாப்பிட மட்டும் வாயைத் திறக்கலாம். பேச்சுக் கூடாது. அக்கா ஆறு முகத்தையும் பார்ப்பாள், உள்ளே திரும்பி, "இன்னும் அரைக் கைப்பிடி" என்பாள். தண்ணீர் கேன் மூன்றுக்கு இறங்கிவிட்டது. ஆனால் அக்கா சாவியை மட்டும் தொடவில்லை. "என் நாக்கு வந்தா எடுப்பேன். இல்லேன்னா அது அங்கதான்" என்றாள். எல்லாரும் வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்தார்கள். கணவருக்கு மட்டும் அது வேடிக்கை இல்லை என்று தெரியும்.

எட்டாவது மருந்தும் முடிந்தது. டாக்டரம்மா பரிசோதனை முடிவுகளைப் பார்த்துச் சிரித்தார். எல்லாருக்கும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஒரு வாரம் போயிற்று, மூன்று, ஆறு. தலையில் பூனைமுடி எட்டிப் பார்த்தது. தினமும் யாரும் பார்க்காதபோது அக்கா ஒரு கல் உப்பை நாக்கில் வைத்துக்கொள்வாள். இரும்பு. துப்பிவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு சிரித்தபடி வெளியே வருவாள். உயிர் மிஞ்சியதே, நாக்குக்கு அழுவதா என்று தன்னையே திட்டிக்கொள்வாள். ஆனாலும் மறுநாளும் ஒரு கல் உப்பை எடுப்பாள்.

ஒன்பதாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கணவர் வழக்கம்போல டம்ளரை நீட்டினார். அவள் வழக்கம்போல ஒரு வாய் குடித்தாள்.

"த்தூ! என்ன கண்றாவிங்க இது? டீயா இது?"

அவர் பதறிப்போனார். "ஏன், என்னாச்சு?"

"பால் அடிப்பிடிச்சு நாறுது. தூளைப் போட்டுக் கொதிக்கக் கொதிக்க விட்டுக் கசக்குது. அந்தக் கசப்பை மறைக்கச் சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருக்கீங்க. இதையா எட்டு மாசமா..."

அவள் நிறுத்தினாள். மகள் வாயில் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு குளியலறையிலிருந்து ஓடி வந்து நின்றாள். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அம்மா, என்ன நாறுதுன்னு சொன்ன?" என்றாள் மகள், நுரை வழிய.

"பால் அடிப்பிடிச்சிருக்கு" என்றாள் அக்கா மெதுவாக.

"அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்று கேட்டார் கணவர். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"வாயில வைக்க முடியல!"

"இரு இரு, துப்பிடாத. இன்னொரு வாய் குடி" என்று கேமராவை எடுக்க ஓடினார். அவள் இன்னொரு வாய் குடித்தாள். படம் எடுத்த பிறகும் கீழே வைக்கவில்லை. அந்தக் கண்றாவியை அடிவரை குடித்து முடித்தாள்.

பதினோரு மணிக்கு ஆறு நாக்கும் ஜன்னலுக்கு வந்தபோது, கரண்டிக்குப் பதிலாக ஒரு போட்டோ நீண்டது. அக்கா ஒன்றும் பேசவில்லை. அவர்களும் விதிப்படி பேசவில்லை. படத்தில் டீ டம்ளரும் கையுமாக இருந்த அக்காவின் கண் இடுங்கி, மூக்கு மேலேறி, வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. ஆறு பேரும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். மீசைதான் முதலில் விதியை மீறினார்.

"பால் அடிப்பிடிச்சிருக்கு" என்றார். சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. "அக்கா! உங்களுக்கு..."

அக்கா அண்டாப் பக்கம் திரும்பினாள். ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் விட்டாள், நக்கினாள், கண்ணை மூடினாள். சின்னக்கா சடையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜன்னலில் ஆறு பேரும் மூச்சு விடாமல் அக்காவின் முகத்தையே பார்த்தார்கள்.

"உப்பு பத்தல" என்றாள் அக்கா. ஆணியிலிருந்து சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, உப்பு எடுக்க ஸ்டோர் ரூமுக்குப் போனாள்.