வெள்ளைப் பூ என்று பஸ்ஸில் சொன்னார்கள்

"ஆவணி 18, புதன். பிற்பகல் 2.40. சேலம் – நாமக்கல் பஸ், ராசிபுரம் வழி. இடப்பக்கம், ஐந்தாவது வரிசை, ஜன்னலோரம். பக்கத்து இருக்கைக்காரர், ஸ்பீக்கரில். பூ: வெள்ளை என்றார். உண்மையல்ல."

என் நோட்டில் இருக்கும் குறிப்பு இவ்வளவுதான். கையெழுத்து கோணலாக இருப்பதற்கு ராசிபுரம் சாலையின் வேகத்தடைகள் பாதிக் காரணம். மீதிக் காரணத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அரசு அலுவலகம் ஒன்றின் பதிவறையில் முப்பது வருஷம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பார்த்ததைத் தேதி போட்டு எழுதிவைக்காவிட்டால் அது நடந்ததாகவே எனக்குத் தோன்றாது. சில வருஷங்களாகப் பொது இடங்களில் மக்கள் செல்போனை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு தனி நோட்டுப் போட்டு எழுதிவருகிறேன். யார் பேரும் எழுதுவதில்லை. இடம், நேரம், செயல், அவ்வளவுதான். துக்க வீட்டில் ஐஸ் பெட்டியைச் சுற்றி வந்து துபாயில் இருக்கும் தம்பிக்கு வீடியோவில் காட்டி, "மொகம் தெரியுதாடா? கொஞ்சம் இந்தப் பக்கம் வாரேன் இரு" என்றவர் அதில் இருக்கிறார். பல் ஆஸ்பத்திரியில் ஒரே சிரிப்பு வீடியோவைப் பதினேழு முறை போட்டவர் இருக்கிறார். வாயில் பஞ்சை வைத்திருந்த எங்களில் யாராலும் அவரைத் தடுக்க முடியவில்லை. சேலத்தில் ஒரு நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்குத் தேவாலயம் போயிருந்தபோது, பாதிரியார் மௌனமாக ஜெபிக்கச் சொன்ன அந்த நிமிஷத்தில் பம்பை உடுக்கையோடு அடித்த போனும் இருக்கிறது. அதற்கு உரியவர் எங்கள் வரிசையில்தான் இருந்தார். எடுத்து, "கோயில்ல இருக்கேன், அப்பறம் கூப்புடு" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார்.

இவர்களில் ஒருவரிடமும் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எழுதிக்கொள்வேன். அதுவே என் கண்டனம்.

புதன்கிழமைக்கு முந்திய ஞாயிறு எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். என் மகளுக்கு ஒரு வரன் வந்திருந்தது. மாப்பிள்ளை வீடு சங்ககிரி. கொண்டுவந்தவர் ஒரு தரகர். எல்லாம் என் மச்சினன் மூலம் நடந்தது. தரகர் எங்கள் வீட்டுக்கு இரண்டு முறை வந்திருக்கிறார், இரண்டு முறையும் நான் வீட்டில் இல்லை. ஜாதகம் பொருந்திவிட்டது. இனி குலதெய்வத்தின் முன் பூக் கேட்க வேண்டும். எங்கள் வழக்கத்தில் வெள்ளைப் பூ ஒன்றும் சிவப்புப் பூ ஒன்றும் தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி முன்னால் போடுவார்கள். விவரம் தெரியாத ஒரு குழந்தை ஒரு பொட்டலத்தை எடுக்கும். வெள்ளை வந்தால் சாமி சம்மதம். சிவப்பு வந்தால் எவ்வளவு நல்ல இடமாக இருந்தாலும் அத்தோடு சரி. அடுத்த திங்கள் பூக் கேட்பதாக முடிவு செய்திருந்தோம்.

மகள் ஞாயிறு ராத்திரிச் சாப்பாட்டின்போது ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பூக் கேக்கறதுக்கு முன்னாடி நான் அவருகிட்ட ஒரு தடவ பேசணும்பா. வெள்ளப் பூ வந்துருச்சுன்னா அப்பறம் என்னை யாரும் கேக்க மாட்டீங்க."

அவள் சொன்னது சரி. எங்கள் பக்கத்தில் பூ வந்தபின் வேண்டாம் என்ற பெண்ணை எனக்குத் தெரியாது. "ஏற்பாடு பண்றேன் அம்மிணி" என்றேன். திங்கள், செவ்வாய் போய்விட்டது. மச்சினனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புதன்கிழமை சேலத்தில் பழைய புத்தகக் கடையில் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு, அந்தப் பாரத்தோடும் ஒரு பை நிறையப் புத்தகத்தோடும் பஸ் ஏறினேன்.

மூன்று பேர் இருக்கை. நான் ஜன்னல் பக்கம். நடுவில் வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், மடியில் ரெக்சின் பை வைத்திருந்த ஒருவர். ஓரத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள், மடியில் மூடி போட்ட பெரிய எவர்சில்வர் போசியைக் கட்டிப்பிடித்தபடி. நடுவழியில் ஆட்கள் நெருக்கி நின்றார்கள். என் காலடியில் புத்தகப் பை. எழுந்தால் மூன்று பேர் எழ வேண்டும், உட்கார்ந்தால் நான் மட்டும் அடங்கி உட்கார வேண்டும்.

மல்லூர் தாண்டியதும் நடு இருக்கைக்காரரின் போன் அடித்தது. எடுத்து, காதில் வைக்காமல், தின்பண்டத்தைப் போல வாய்க்கு எதிரே பிடித்துக்கொண்டார். ஸ்பீக்கர்.

"சொல்லுங்கக்கா! பஸ்ஸுல இருக்கறனுங்க!"

"என்னங்ணா, ஒரு தகவலும் இல்ல?" மறுமுனையில் ஒரு பெண் குரல். பஸ்ஸின் கடைசி வரிசைவரை தெளிவாகக் கேட்டது.

நான் நோட்டை எடுத்தேன். தேதி போட்டேன். பிறகு, என் வாழ்க்கையிலேயே முதல் முறையாக, அவர் பக்கம் திரும்பி, "கொஞ்சம் சத்தத்தக் கொறச்சுக்கலாங்களா?" என்றேன்.

"நல்ல காரியந்தானுங்க, கேட்டா என்ன?" என்றார் அவர் அன்போடு. "கல்யாணப் பேச்சு. பயப்படாதீங்க, பொது எடத்துல பொம்பளப் புள்ள பேரச் சொல்ல மாட்டேன். அந்த நாகரிகம் நமக்குத் தெரியும்."

சொன்னபடியே பேரைச் சொல்லவில்லை. கூட்டத்தைச் சொன்னார். எங்கள் பக்கத்துக் குடியானவர்களில் குலப் பிரிவைக் கூட்டம் என்போம், அதைச் சொன்னாலே பாதி ஊர் விலகிவிடும். அடுத்துக் குலதெய்வக் கோயிலைச் சொன்னார், மீதியில் பாதியும் விலகியது. "புதுச்சத்திரத்துக்கு மேக்கால, தோட்டத்து ஊடு, பச்சக் கேட்டு, வாசல்ல ரெண்டு பாக்கு மரம்" என்றார்.

என் வீட்டு வாசலில் இரண்டு பாக்கு மரம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பாக்கு மரம் வைப்பவர்கள் குறைவு. ஆனாலும் பேனாவை நான் இன்னும் கீழே வைக்கவில்லை.

"பொண்ணு மாட்டு டாக்டருங்க" என்றார். என் மகளும் மாட்டு டாக்டர்தான்; நான் வீட்டில் இல்லாதபோது இரண்டு முறை வந்துபோன தரகர் இவர்.

போசி அம்மாள் திரும்பினாள். "அட! எங்க எருமைக்குக் கன்னு குறுக்க மாட்டிக்கிட்டப்ப வந்த அம்மிணிங்களா? முட்டி வரைக்கும் சேத்துல நின்னுதுங்க பாவம். தங்கமான புள்ள!"

"பேரு சொல்லாதீங்க" என்றார் தரகர் கண்டிப்போடு.

"நான் எங்க பேரு சொன்னேன்? எருமையத்தான சொன்னேன்!"

நின்றுகொண்டிருந்த ஒருவர், "அந்த டாக்டரம்மா ஸ்கூட்டர்ல வரும், நீலக் கலரு" என்று முன்னால் இருந்தவருக்கு விளக்கினார். பேர் மட்டும் மிகக் கவனமாகக் காப்பாற்றப்பட்டு, என் மகள் பஸ் முழுக்க உட்கார்ந்திருந்தாள்.

எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன். எங்கே போவது? ஜன்னல் கம்பி. புத்தகப் பை. தரகரின் முழங்கால். அதற்கப்பால் போசி. குனிந்து எழுதுவதுபோல் உட்கார்ந்திருந்தேன். என்னை யார் என்று தெரிந்துகொண்டால் எல்லோருக்கும் சங்கடம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குச் சங்கடம்.

"பொண்ணோட அப்பா எப்படிங்ணா?" என்றது போன்.

"அவரு ஒரு மாதிரிங்கக்கா. கெட்டவரில்ல. வாயத் தொறக்க மாட்டாரு. எதக் கண்டாலும் தேதி போட்டு நோட்டுல எழுதிக்குவாராம். பொண்டாட்டி வெச்ச கொழம்புல உப்பு கம்மின்னாக்கூட எழுதித்தான் வெப்பாருன்னு மச்சினன் சொன்னாரு."

உப்பு விஷயம் பொய். ஒரே ஒரு முறை எழுதியிருக்கிறேன், அதுவும் ரசத்தைப் பற்றி.

போசி அம்மாள் மெல்லக் கழுத்தை நீட்டினாள். என் பேனாவைப் பார்த்தாள். நோட்டைப் பார்த்தாள். மேலே போட்டிருந்த தேதியைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. போசி மூடி கடகடவென்று ஆடியது.

பஸ் ராசிபுரத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. மணி 2.40.

"அதெல்லாம் இருக்கட்டுங்ணா. பூ என்ன ஆச்சு? எங்களுக்கு ஆத்தூர்ப் பக்கம் இன்னொரு எடம் வந்திருக்குது. நாளைக்குப் பதில் சொல்லணும்."

தரகர் ஒரு கணம் ஜன்னலுக்கு வெளியே, அதாவது என் மூக்குக்குக் குறுக்கே, பார்த்தார். பிறகு சொன்னார்:

"அட, சொல்ல மறந்துட்டனே! பூக் கேட்டாச்சுங்கக்கா. வெள்ளப் பூ. சாமி சிரிச்சுக்கிட்டே குடுத்துருச்சு!"

பஸ்ஸில் இரண்டு மூன்று பேர் "நல்லதாப் போச்சு" என்றார்கள். மறுமுனையில் அந்தப் பெண் யாரிடமோ உரக்கச் சொல்வதும், பல பேர் ஒரே நேரத்தில் பேசுவதும் கேட்டது. அவர்கள் வீட்டிலும் ஸ்பீக்கர்தான்.

எழுதினேன்: பூ, வெள்ளை என்றார். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகள் கேட்டது பூவுக்கு முன்னால் ஒரே ஒரு பேச்சு. அது பறிபோய்க்கொண்டிருந்தது, நான் அதற்குத் தேதி போட்டுக்கொண்டிருந்தேன்.

போசி அம்மாள் தரகரின் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி என் தோளில் ஒரு குத்து விட்டாள். "ஏனுங்க, சும்மாவே உக்காந்திருக்கறீங்க?"

"உண்மையல்ல" என்று எழுதினேன். பிறகு அதைச் சொன்னேன். குரல் நான் நினைத்ததைவிட மிகப் பெரிதாக வந்தது.

"பூ இன்னும் கேக்கலீங்க. திங்கக்கெழமதான் கேக்கறோம். நாந்தான் பொண்ணோட அப்பா."

தரகர் என்னைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். சட்டென்று துண்டை எடுத்துப் போனைப் பொத்தினார். அணைக்கத் தோன்றவில்லை. துண்டுக்கு அடியிலிருந்து, "யாருங்ணா அது? யாரு பேசறது?" என்று வந்துகொண்டே இருந்தது.

"சிக்னல் இல்லீங்க!" என்றார் துண்டைப் பார்த்து.

"இருக்குதுங்க!" என்றாள் போசி அம்மாள், குனிந்து, துண்டுக்கு நேராக. "பொண்ணோட அப்பா பக்கத்துலயே உக்காந்திருக்கறாருங்கோ! எழுதிட்டு இருக்கறாரு!"

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் விசில் ஊத மறந்து நின்றார்.

துண்டை நான்தான் விலக்கினேன். "அம்மா, தப்பா நெனைக்காதீங்க. எம் பொண்ணு பூக் கேக்கறதுக்கு முன்னால உங்க பையன்கிட்ட ஒரு தடவ பேசணும்னு சொல்லுச்சு. அதுக்கப்பறந்தான் பூ. உங்களுக்கு அவசரம்னா நீங்க ஆத்தூரே பாத்துக்கங்க."

வரன் போய்விட்டது என்றே நினைத்தேன். அப்போது வேறு ஒரு குரல் வந்தது, இளைஞனின் குரல்.

"ஏனுங்க மாமா, நானும் அதைத்தானுங்க ஒரு மாசமாச் சொல்லீட்டு இருக்கறேன். இவருதான் பொண்ணு வெக்கப்படும், பேசாதுன்னாரு. அவங்க நம்பர் சொல்றீங்களா?"

"சொல்றேன், எழுதிக்குங்க. தொண்ணூத்தி..."

"ஐயோ, நிறுத்துங்க!" என்று போசி அம்மாள் கத்தினாள். "ஊருக்கே சொல்லப் போறீங்களா?"

சில வருஷங்களாக மற்றவர்களைக் குறிப்பெடுத்தவன், இன்னும் எட்டு இலக்கம் போயிருந்தால் என் நோட்டிலேயே முதல் பக்கத்தில் ஏற வேண்டியவன். மாப்பிள்ளையின் நம்பரைத் தரகரே, ஒரு வார்த்தை பேசாமல், என் பேனாவை வாங்கி என் நோட்டில் எழுதிக் கொடுத்தார். புதுச்சத்திரத்தில் நானும் போசி அம்மாளும் இறங்கும்போது கால்களை ஒடுக்கி வழிவிட்டவர், "மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லீங்க, நான் மெதுவாப் பேசியிருப்பேன்" என்றார். அதை மனம் நொந்துதான் சொன்னார்.

அன்று சாயங்காலம் மகளிடம் நம்பரைக் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்தாள், ரசத்தைப் பற்றி எழுதியது உண்மையா என்று அம்மாவிடம் போய்க் கேட்டாள். பிறகு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனாள். மாட்டுக் கொட்டாய்க்கும் கிணற்றுக்கும் இடையே ஐம்பத்திரண்டு நிமிஷம் நடந்தாள். நாகரிகமாக, ஒருவருக்கும் தொந்தரவில்லாமல் பேசினாள். நான் கேட்க விரும்பிய ஒரே போன் பேச்சில் ஒரு சொல்லும் என் காதில் விழவில்லை.

திரும்பி வந்து, "திங்கக்கெழம பூக் கேளுங்கப்பா" என்றாள்.

ஆவணி 23, திங்கள், காலை 10.15. கோயிலில் இரண்டு வீட்டாரும் இருந்தோம். பூசாரி மடிக்கப் போன பூவையும் இலையையும் மகள் வாங்கி, "நான் மடிக்கறேனுங்க" என்று சுவருக்கு அந்தப் பக்கமாகத் திரும்பி மடித்துக் கொண்டுவந்தாள். பெண்ணே மடிக்கக் கூடாது என்று விதி எதுவும் இல்லை, யாரும் அப்படிக் கேட்டதில்லை, அவ்வளவுதான். கோயிலுக்கு வந்திருந்த யாரோ ஒரு வீட்டுச் சிறுமி எடுத்துக் கொடுத்தாள். பிரித்தார்கள். வெள்ளை, நந்தியாவட்டை.

கோயில் வாசலிலேயே நின்று தரகர் போனைத் தூக்கிப் பிடித்து யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார், ஸ்பீக்கரில்: "நான் புதன்கெழமயே சொன்னேன், வெள்ளன்னு. எவனும் நம்பல!"

மற்றப் பொட்டலத்தைப் பூசாரி பிரித்துக் காட்டுவது வழக்கம். அவர் குனிவதற்குள் மகள் அதை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். "அதான் சாமி சொல்லீருச்சுல்லங்க" என்றாள். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் என்ன இருந்தது என்று நான் சரியாகக் கவனிக்கவில்லை. அன்று காலை எங்கள் வீட்டு நந்தியாவட்டைச் செடியருகே மகள் நின்றதைப் பார்த்தேன். கோயிலில்தான் பூ தருவார்களே என்று நினைத்துக்கொண்டேனே தவிர, பறித்தாளா, எத்தனை பறித்தாள் என்று எண்ணவில்லை.

கல்யாணம் தையில். அவளிடம் கேட்கலாம். கேட்கவில்லை. நோட்டில் ஆவணி 23-க்குக் கீழே இப்படி எழுதி வைத்திருக்கிறேன்:

"முதல் பொட்டலம்: வெள்ளை. இரண்டாம் பொட்டலம்: நிறம் சரிபார்க்கப்படவில்லை."