ஜெகதீசனின் சாய்கோடு

இரண்டு வாரத்துக்கு முன் ஞாயிற்றுக்கிழமை மதியம் பக்கத்து வீட்டு அம்மாள் மதில் மேலாக எட்டிப் பார்த்து, "சார், உங்களுக்கு அம்பத்தூர்லேர்ந்து போன்" என்றார். அவர்கள் வீட்டுக்குப் போய் ரிசீவரை எடுத்தேன். ஜெகதீசனின் மகள் அழாமல் பேசினாள். "அப்பா காலைல காபி குடிச்சிட்டுப் படுத்தாரு அங்கிள். எழுந்திருக்கல."

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் உங்களில் உண்டு. தொழில்நுட்பப் பிரிவில் அவருக்கு அடுத்த மேஜை என்னுடையது என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதியில்லை.

நாம் கம்ப்ரஸர்களுக்கான காற்றுத் தொட்டிகள் செய்தோம். ஒவ்வொரு வகைத் தொட்டிக்கும் ஒரு சோதனைத் தாள் போகும். கசிவு பார்க்க எவ்வளவு காற்று ஏற்றலாம் என்பதற்கு அதில் ≯ 6 என்று இருக்கும். அழுத்தம் ஆறு கிலோவைத் தாண்டக் கூடாது என்று பொருள். எங்கள் டைப்ரைட்டரில் அந்தக் குறிக்குத் தனி விசை கிடையாது. முதலில் 'மேல்' என்று பொருள்படும் > அம்புக்குறியை அடித்து, பின்னுக்கு இழுக்கும் விசையை ஒரு தரம் தட்டி, அதன் மேலேயே சாய்கோடு அடிக்க வேண்டும். கார்பன் பிரதிகளில் இரண்டாவது அடி மங்கலாக விழும். அதனால் ஒவ்வொரு பிரதியிலும் ஜெகதீசன் சிவப்பு மையால் கோட்டை மறுபடி இழுப்பார். "சாமி ஜாதகம் பாக்குது, இன்னிக்குத் தாள் வராது" என்று ஷெட்டில் கேலி செய்வார்கள். "கோடு இல்லேன்னா குறி சும்மா இருக்காதுப்பா, தாண்டுன்னு சொல்லும்" என்பார்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. ஒன்றின் மேல் ஒன்றை அச்சிட அதற்கும் ஒரு கட்டளை உண்டு. கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு பி, அடுத்து ஹெச். தாளில் குறி ஒழுங்காக விழும். திரையில் மட்டும் அம்புக்குறி, கூரை போல ஒரு குறி, ஒரு எழுத்து, ஒரு கோடு என்று சிதறிக் கிடக்கும். அதைப் பிழை என்று நினைத்து யாரோ துடைத்துவிட்டார்கள். அம்புக்குறி மட்டும் மிஞ்சியது. யார் துடைத்தது என்று ஜெகதீசன் கடைசிவரை விசாரிக்கவில்லை.

ஒரு நாள் மதியம் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தேன். கோப்பில் வைக்க எடுத்த தாளைப் பிடித்தபடி அவர் அசையாமல் நின்றார். "இதுல கோடு இல்ல" என்றார். சோதனை ஷெட்டை நோக்கி நடந்தார். நானும் பின்னால் போனேன்.

தொட்டிகளைச் சோதிக்கும் முனுசாமி ஒரு கையில் சோப்புத் தண்ணீர் பிரஷ்ஷும் ஒரு கை வால்விலுமாக நின்றிருந்தார். "இன்னா சார் இந்தப் பக்கம்? ஆறுக்கு மேலன்னு போட்டுகினு கீது. எட்டு தாண்டிட்டேன். பத்துல நிறுத்திக்கட்டா?" என்றார். தொட்டிக்குள்ளிருந்து யாரோ ஒரு தரம் தட்டியது போலச் சத்தம் வந்தது.

ஜெகதீசன் குரலை உயர்த்தவில்லை. "ஏத்தறத நிறுத்து முனுசாமி. காத்த வெளிய உடு. மெதுவா, அவசரமே இல்ல." என்னை மட்டும் முதுகுக்குப் பின்னால் கையசைத்துப் போகச் சொன்னார். நான் வாசலுக்குப் போய்விட்டேன். மீட்டர் முள் கீழே இறங்கிப் படுக்கும்வரை அவர் முனுசாமியின் தோளருகே நின்றார்.

வெளியே வந்ததும் முனுசாமி, "அவ்ளோ டேஞ்சருன்னா நீங்க ஏன் சார் நின்னுகினு இருந்தீங்க?" என்றார்.

"நான் ஓடினா நீ வால்வ உட்டுட்டு ஓடுவே."

"அது கரெக்டு" என்று முனுசாமி சிரித்தார். பீடி பற்றவைக்க அவருக்கு மூன்று குச்சிகள் ஆயின.

"அதான் ஒண்ணும் ஆகலியே" என்றார் விஷயம் கேட்ட மானேஜர். "இன்னும் ஆகல சார்" என்றார் ஜெகதீசன்.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அதே தாளின் இன்னொரு பிரதி, நமக்காகக் கான்ட்ராக்டில் சோதனை செய்த பாடியிலிருந்த பட்டறைக்கு முந்தைய வாரமே போயிருந்தது. மறுநாள் காலையில் அங்கே போனோம். அவர்கள் தாளின்படியே செய்திருந்தார்கள். எவ்வளவு ஏற்றினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. "கசியல சார், எல்லாம் வித்துப்போச்சு" என்றார் பட்டறைக்காரர். திரும்பும் பஸ்ஸில் பாடி பாலம் தாண்டியதும் ஜெகதீசன், "அடி வாங்கின தொட்டி அன்னிக்கே வெடிக்கணும்னு இல்ல" என்றார்.

அங்கே சோதித்து விற்ற தொட்டிகளில் பெரும்பாலானவை பஞ்சர் கடைகளுக்குப் போயிருந்தன. ஓய்வு பெற்ற பிறகு அவர் கடை கடையாக நின்று, குனிந்து, தொட்டித் தகட்டில் எண் பார்ப்பதை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். புத்தி பேதலித்துவிட்டது என்றுகூடச் சொன்னீர்கள். ஆவடியில் ஒன்றைக் கண்டுபிடித்து, கடைக்காரரோடு சண்டை போட்டு மாற்றவைத்தார். மற்றவை அகப்படவில்லை. சென்ற மாதம் பார்த்தபோதும், "பூந்தமல்லி ரோடு பாதிதான் ஆயிருக்கு" என்றார்.

அந்த மீதிப் பாதிதான் அவரிடமிருந்து எனக்கு வந்திருக்கிறது. என்னால் முடியுமா என்று தெரியவில்லை. முன்பின் அறியாதவரிடம் மணி கேட்கவே தயங்குகிறவன் நான்.

காரியம் முடிந்து திரும்பும் வழியில், பூந்தமல்லி ரோட்டில் வேலப்பன்சாவடி தாண்டி ஒரு பஞ்சர் கடையில் நின்றேன். தொட்டியைச் சுற்றி லாரி ஆட்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தகட்டைப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"இன்னா பெருசு, வெலைக்கு வாங்கப் போறியா?" என்றார் கடைக்காரர். எல்லாரும் சிரித்தார்கள்.

தகட்டின் மேல் பச்சை பெயின்ட் கனமாகப் பூசியிருந்தது. காற்று ஏற்றும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நான் குனிந்து நகத்தால் சுரண்டத் தொடங்கினேன்.