தோள் ஏறக் கூடாது

நான் கோழிப் பண்ணையில் வேலை செய்கிறவன். லாரியில் வரும் தீவன மூட்டைகளைத் தோளில் வாங்கிக்கொண்டு போய்க் கொட்டகைக்குள் அடுக்குவேன். அதனால் பலம் என்றால் என்ன என்று எனக்கு நன்றாகவே தெரியும் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் மகள் எட்டாவது படிக்கையில் வில்வித்தைப் பயிற்சியில் சேர்ந்தாள். சனிக்கிழமையானால் மோகனூரிலிருந்து நாமக்கல் மைதானத்துக்கு பஸ்ஸில் கூட்டிப்போவேன். சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் இளகலான வில்லில் நன்றாகத்தான் எய்தாள். ஆனால் அந்த வில்லின் அம்பு தூரத்துப் பலகைக்குப் போய்ச் சேராது. பெரிய பிள்ளைகளோடு போட்டியில் நிற்க வேண்டுமானால் விறைப்பான வில் வேண்டும். அவளுக்கு அந்த ஆசைதான்.

ஒரு நாள் கோச் அந்த வில்லைக் கையில் கொடுத்துப் பார்த்தார். நாணைத் தாடை வரை இழுத்துவிட்டாள். இழுத்ததும் கை வெடவெடவென்று ஆடியது.

"இன்னும் பலம் வேணும் பாப்பா. ஆயுத பூஜை கழிச்சுப் பாக்கலாம்" என்று வாங்கி வைத்துவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில்தான் வாய் திறந்தாள்.

"ஏனுங்கப்பா, அத்தாம் பெரிய மூட்டைய நீங்க எப்பிடித் தூக்கறீங்க?"

"தூக்கித் தூக்கிப் பழகுனதுதான் சாமி."

"அப்ப நானுந் தூக்கறேன்."

எனக்கும் அது சரியாகவே பட்டது. மறுநாளிலிருந்து தண்ணீர்க் குடம், அரிசிச் சிப்பம், பண்ணையின் தீவன வாளி எல்லாம் அவள் கைக்குப் போயின. "பொட்டப்புள்ளய லோடுமேன் ஆக்கிப்போடுங்க, நல்லா இருக்கும்" என்று அவள் அம்மா என்னைத் திட்டினாள். ஆனால் தட்டில் முட்டையை மட்டும் கூட்டிக்கொண்டே போனாள். மகள் ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டு, "இன்னொரு முட்டை வெச்சீங்கன்னா நானே கோழியாட்டம் கேறப் போறேனுங்கம்மா" என்றாள்.

கை உரமேறியது உண்மைதான். ஆனால் மைதானத்தில் அவள் வில்லை இழுத்ததும் கோச் முகம் சுளித்தார். வில் பிடித்த பக்கத்துத் தோள் காது வரைக்கும் ஏறி நின்றது.

"யாரு பாப்பா உன்னை மூட்டை தூக்கச் சொன்னது?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் வேப்பமரத்தைப் பார்த்தேன்.

அவர் கோபப்படாமல் விளக்கினார். பாரம் தூக்கும்போது தோள் தானாகக் கழுத்தை நோக்கி ஏறும். வில்லுக்கு அது ஆகாது. தோள் கீழேயே இருக்க வேண்டும். இழுப்பது கையல்ல, முதுகு. வயிறும் காலும் அசையாமல் நின்றால்தான் முதுகு தன் வேலையைச் செய்யும். பழைய சைக்கிள் டியூபை வெட்டி, வில்லை இழுப்பது போலவே இழுத்து நிறுத்திப் பழகச் சொன்னார்.

வீட்டில் டியூபை முதலில் நான்தான் வாங்கி இழுத்தேன். இதென்ன பிரமாதம் என்ற நினைப்பு. மகள் என் தோள்மேல் கையை வைத்து அழுத்தினாள்.

"ஏறுதுங்கப்பா. எறக்குங்க."

இறக்கினேன். மறுபடி இழுத்ததும் ஏறிக்கொண்டது. எத்தனை வருஷமாக மூட்டை சுமந்த தோள்! சமையல்கட்டிலிருந்து, "மூட்டை இல்லாமயே சொமக்கறாரு பாரு உங்கொப்பன்" என்று ஒரே சிரிப்பு.

அதன்பிறகு சாயங்காலமானால் டியூப்தான். பிறகு முழங்கையை ஊன்றிக் குப்புறப் படுத்து, உடம்பைப் பலகை மாதிரி நிறுத்துவாள். பல் தேய்ப்பதுகூட ஒற்றைக் காலில். தினமும் இதே வேலையென்றால் யாருக்குத்தான் சலிக்காது? சில நாள் டியூபை மூலையில் வீசிவிட்டு அழுதாள். எனக்கே முடியாததை அவளிடம் எப்படி அதட்டிக் கேட்பது? மறுநாள் அவளே எடுத்துக்கொள்வாள்.

ஆயுத பூஜை முடிந்து கோச் அந்த விறைப்பான வில்லைத் திரும்பவும் கொடுத்தார். இழுத்தாள். கை ஆடவில்லை. ஆனால் தோள் மெல்ல மேலே எழும்பியது. அவளே அதை உணர்ந்து, அம்பை விடாமல் நாணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கொண்டுவந்து இறக்கினாள். இழுப்பதைவிட அப்படி இறக்குவது சிரமம். சிரமம் என்று அம்பை எடுத்துவிட்டு நாணை வெறுமனே விட்டுவிடவும் கூடாது, வில் உடைந்துபோகும்.

பக்கத்தில் நின்ற பெரிய பெண் ஒருத்தி, "என்னடி, அம்பு ஒட்டிக்கிச்சா?" என்றாள்.

"ஆமாக்கா, பசை போட்டிருக்குது" என்று சொல்லிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி இழுத்தாள். தோள் இருந்த இடத்திலேயே இருந்தது. அம்பு போய்ப் பலகையின் கீழ் ஓரத்தில் குத்தியது. அவள் முகம் வாடியது.

"கீழ பட்டுப்போச்சுங்க சார்."

"பட்டுட்டுப் போகட்டும். அம்பை யாரு பாத்தா? நான் உன் தோளைத்தான் பாத்துட்டு இருந்தேன். இனி இந்த வில்லுலயே எய்யி."

பலகையை நோக்கி ஓடினாள். அம்பு அந்த ஓரத்து மரச்சட்டத்தில் ஆழமாக இறங்கியிருந்தது. பிடுங்கிக் கொடுக்கலாம் என்று நானும் பின்னாலேயே போனேன்.

"விடுங்கப்பா, நானே எடுத்துக்கறேன்" என்று காலை அழுத்தி ஊன்றிக்கொண்டாள்.